பனிமேல் பதினொரு கிலோமீட்டர்

ஜெர்மனி
5.12.2024

அன்புள்ள ஜாய்ஸ் அப்பாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் ஜாய்ஸும் மருமகன் ஜெரோமும் பாப்பாவும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, கழுத்துத் துளைமேல் கட்டும் துணியைத் தினமும் மாற்றுகிறீர்களா என்பதுதான் எனக்கு இங்கே கவலை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறீர்கள். மாத்திரை போட்டாச்சா? கட்டைவிரல். ரேஷன் வாங்கியாச்சா? கட்டைவிரல். பாப்பா சிரிக்கிற வீடியோ அனுப்பினேன், அதற்கும் அதே விரல். முகம் பார்க்கலாம் என்று வீடியோவில் கூப்பிட்டால் சுவரைக் காட்டுகிறீர்கள். கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. கைநாட்டு வைக்கிற ஆளா நீங்கள்?

நேராகவே கேட்கிறேன். சியாமளா மேடம் வகுப்புக்குத் திரும்பப் போனீர்களா? ஆபரேஷனில் குரல்பெட்டியை எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. காற்றை விழுங்கி, ஏப்பம் மாதிரி வெளியே விட்டு, அதிலேயே பேசலாம் என்று அவர் எத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்! மூன்று வியாழக்கிழமை போனீர்கள். நாலாவது வியாழக்கிழமை பக்கத்தில் இருந்தவர் சிரித்தார் என்று எழுந்து வந்தவர்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினால் வந்துவிடப் போகிறது.

இங்கே ஜன்னலைத் திறந்தால் மலை. எங்கும் பனி. விடியற்காலையில் ஒரு பெரிய வண்டி வந்து பனியை அமுக்கிச் சமமாக்கி, நடுவில் இரண்டு கோடு கிழித்துவிட்டுப் போகிறது. அந்தக் கோட்டுக்குள் நீளப் பலகையைக் காலில் மாட்டி, கையில் இரண்டு கோல் ஊன்றி, ஜனங்கள் மைல் கணக்கில் போகிறார்கள். பக்கத்து வீட்டு ஹெல்கா அம்மாளுக்கு எழுபத்தொரு வயது, தினமும் போகிறாள். எனக்கு ஐம்பத்தாறுதான்.

இப்படிக்கு, பதிலை எதிர்பார்க்கும்
மேரி

*

ஊரப்பாக்கம்
17.12.2024

அன்புள்ள மேரிக்கு,

இங்கே நானும் வீடும் வைத்த இடத்தில் இருக்கிறோம். உங்கள் நால்வர் நலமும் இப்படியே இருக்கட்டும்.

கடிதம் 16ஆம் தேதி கிடைத்தது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர், சரி செய்தாயிற்று. சர்ச்சிலிருந்து கேரல்ஸ் பாட வந்தார்கள். நட்சத்திரம் கட்டி வைத்திருந்தேன். கேக் கொடுத்தேன். ஏதோ கேட்டார்கள். தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அந்த இரண்டு கோட்டைப் பற்றி எழுதியிருந்தாய். இடைவெளி எவ்வளவு? வளைவில் வெளிக்கோட்டைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறார்களா? முப்பத்திரண்டு வருஷம் தண்டவாளத்தில் சுத்தியோடு நடந்தவன் கேட்கிறேன், பார்த்து எழுது. பார்த்தால் போதும், ஏறாதே. உன் முழங்கால் லட்சணம் உனக்கே தெரியும்.

நீ கேட்ட மற்ற விஷயம் ஒன்றும் அவசரமில்லை.

முத்துசாமி

*

ஜெர்மனி
28.12.2024

அன்புள்ள ஜாய்ஸ் அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸ் நன்றாக முடிந்தது. எல்லாரும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை, காரணம் கீழே.

இடைவெளி ஒரு சாண். என் கையால் அளந்தேன். வளைவில் ஒன்றும் உயர்த்தவில்லை. அதனால்தான் விழுந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், ஏறினேன். ஹெல்காவின் தங்கையுடைய பூட்ஸ் எனக்குச் சரியாக இருந்தது. ஹெல்காவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது, அதனால் எங்களுக்குள் சண்டையே வருவதில்லை. முதல் நாள் பதினாலு தடவை விழுந்தேன். விழுவது சுலபம். எழுவதுதான் பெரும்பாடு. நாலு வயசு, அஞ்சு வயசுக் குழந்தைகள் வாத்துக் கூட்டம் மாதிரி வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் என்ன, எலும்பா உடைந்தது? நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் நாள் ஒரு கிலோமீட்டர் விழாமல் போனேன். தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் நடந்தவள் நான், பலகை என்ன பெரிய பலகை!

ஜாய்ஸ்தான் குதிக்கிறாள். “இன்னாம்மா இது? எலும்பு முறிஞ்சா யாரு பாத்துக்குவா? பாப்பாவ தூக்கிகினு வூட்லயே இரு” என்கிறாள். பெற்ற பெண் நர்ஸானால் இதுதான் கஷ்டம், எங்கே பார்த்தாலும் அவள் கண்ணுக்கு முறிந்த எலும்புதான் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே காட்டுக்குள் புகுந்து ஏரியைச் சுற்றித் திரும்பி வருகிற வளையம் ஒன்று இருக்கிறது. பதினொரு கிலோமீட்டர். மார்ச்சில் பனி உருகுவதற்குள் அதை நான் முடித்துக் காட்டுகிறேன். முடித்தால் நீங்கள் வகுப்புக்குப் போக வேண்டும். நான் இந்த வயசில் குழந்தைகள் முன்னால் குப்புற விழலாம், நீங்கள் நாலு பேர் முன்னால் ஒரு ஏப்பம் விடக்கூடாதா? இதுதான் பந்தயம். எனக்கு உங்கள் குரல் வேண்டும். திட்டுவதற்காவது வேண்டும். வீட்டில் என் சத்தம் மட்டுமே கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

சம்மதம் என்று எழுதுங்கள்.

மேரி

*

ஊரப்பாக்கம்
12.1.2025

அன்புள்ள மேரிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் இடுப்புக்குக் கடுகெண்ணெய் தடவு.

சொல் பேச்சுக் கேட்க மாட்டாய் என்று தெரியும். கேட்காததால் விதிகளை எழுதுகிறேன். ஒன்று, தனியாகப் போகாதே. இரண்டு, நிறம் தெரிகிற மாதிரி உடுத்திக்கொள். மூன்றாவதுதான் முக்கியம். லைனில் நடக்கிறவன் எதிரே வருகிற வண்டியைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஒருநாளும் முதுகைக் காட்டக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் நான் முழுசாக வீடு திரும்பியது இந்த ஒரு விதியால்தான்.

வியாழக்கிழமை வெளி வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் வந்தேன். சும்மா.

பொங்கலுக்குக் கரும்பு ஒரு கட்டு வாங்கினேன். தனியாள் எவ்வளவு தின்பது?

முத்துசாமி

*

ஜெர்மனி
26.1.2025

ஜாய்ஸ் அப்பாவுக்கு,

அன்பை இந்தத் தடவை எழுதவில்லை. சுகமா என்றும் கேட்கப் போவதில்லை. நான் கோபத்தில் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நேற்று நான் அந்த வளையத்தில் முதல் தடவை இறங்கினேன். ஹெல்கா கார் நிறுத்துகிற இடத்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் அவசரக்காரி, முன்னால் போய்விட்டேன். தொடக்கத்தில் நீல அம்புக்குறி ஒன்று வலப்பக்கம் காட்டியது. எல்லாரும் அந்தப் பக்கம்தான் போனார்கள். நான் என்ன செய்தேன்? என் புருஷன் ரயில்வேக்காரர், எதிரே வருகிறதைப் பார்த்துப் போகச் சொல்லியிருக்கிறார், ஜெர்மன்காரனுக்கு என்ன தெரியும் என்று இடப்பக்கம் திரும்பிவிட்டேன்!

அது ஒருவழிப் பாதையாம்.

எதிரே வந்தவர்கள் எல்லாரும் கையை ஆட்டிக் கத்தினார்கள். எவ்வளவு மரியாதையான ஜனங்கள், முன்பின் தெரியாதவளுக்கு இப்படி வணக்கம் சொல்கிறார்களே என்று நானும் கோலைத் தூக்கி “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று சொல்லிக்கொண்டே போனேன். இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். ஒரு தாடிக்காரர் இறக்கத்தில் வேகமாக வந்தவர், என்னைப் பார்த்ததும் பக்கத்துப் பனிக் குவியலில் பாய்ந்துவிட்டார். தாடி வரை புதைந்துபோனார். ஹெல்கா மூச்சிரைக்க வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். விஷயம் புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மலையே கேட்டிருக்கும்.

தாடிக்காரர் நல்லவர், அவரும் சிரித்தார். ஆனால் யார் மூலமோ ஜாய்ஸ் காதுக்குப் போய்விட்டது. இனிமேல் பலகையைத் தொடக்கூடாதாம். சிரிப்பு அடங்கியபின் யோசித்தேன். நீங்கள் அக்கறையில்தான் எழுதினீர்கள். அதனால் பாதி மன்னிப்பு. மீதிப் பாதி, பந்தயத்துக்குப் பதில் எழுதினால். மூன்று விதி எழுதத் தெரிந்தவருக்குச் ‘சம்மதம்’ என்று ஒரு வார்த்தை எழுதத் தெரியவில்லையா?

மாமல்லபுரத்தில் உங்களுக்கு என்ன வேலை?

மேரி

*

ஜெர்மனி
12.2.2025

அன்புள்ள ஜாய்ஸ் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகக் கேட்கிறேன்.

ஜனவரி பன்னிரண்டுக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நேற்று நம் தெருவில் மீன் விற்கிற தனகோடி ஜாய்ஸுக்குப் போன் செய்தார். மீன் எடுக்க மாமல்லபுரம் போகும்போதெல்லாம் உங்களைப் பார்க்கிறாராம். “அண்ணாத்த கடலாண்ட தனியா நின்னுகினு கீறாரு. வாயத் தொறக்குறாரு, மூடுறாரு. கூப்ட்டா திரும்பிப் பாக்காம போறாரு. எனக்கு பேஜாரா கீது, அக்காகிட்ட சொல்லு” என்றாராம்.

எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். மனசில் ஏதாவது தப்பாக நினைத்துக்கொண்டு கடல் பக்கம் போகிறீர்களா? பேச்சு இல்லாவிட்டால் என்ன, நீங்கள் இருந்தால் எனக்குப் போதும். பந்தயம் கிந்தயம் எல்லாம் என் திமிர், விட்டுவிடுங்கள். ஒரு வார்த்தை எழுதினால் டிக்கெட்டை மாற்றி நாளைக்கே வந்துவிடுகிறேன்.

ஹெல்கா இரண்டு வாரமாக ஜாய்ஸிடம் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாள். ஹெல்கா கூடவே வர வேண்டும், போன் என் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஜாய்ஸ் போட்ட நிபந்தனை. மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை என்று குறித்திருக்கிறார்கள். காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டால் பன்னிரண்டுக்கு முடியுமாம், நம் ஊரில் அப்போது மாலை நாலரை. ஆனால் எனக்கு இப்போது அதில் மனசே இல்லை. உங்கள் கடிதம் வந்தால்தான் போவேன்.

உடனே எழுதுங்கள்.

மேரி

*

ஊரப்பாக்கம்
20.2.2025
ஸ்பீடு போஸ்ட்

அன்புள்ள மேரிக்கு,

நான் சுகம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. நிஜமாகச் சுகம்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. அப்படி நினைக்கிறவன் போகவும் வரவும் சேர்த்தா பஸ் டிக்கெட் வாங்குவான்? மணல் புகாமல் கழுத்தில் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். தனகோடிக்கு மீனை மட்டும் பார்க்கத் தெரிந்தால் போதும்.

டிக்கெட்டை மாற்றாதே. நடுவில் விட்டுவிட்டு வராதே. முடித்துவிட்டு வா.

ஒருவழிப் பாதை விஷயத்தில் தப்பு என்னுடையது. படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். சத்தம் இல்லாமல் சிரித்தாலும் வயிறு வலிக்கிறது. தாடிக்காரரிடம் ரயில்வே சார்பில் மன்னிப்புக் கேள்.

இத்துடன் என் பச்சைக் கொடியை வைத்திருக்கிறேன். ரிட்டயரான அன்று திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது, யாரிடமும் சொல்லாதே. லைன் சரியாக இருக்கிறது, தைரியமாக வரலாம் என்று இதைக் காட்டித்தான் முப்பத்திரண்டு வருஷம் வண்டிகளை அனுப்பினேன். முதுகில் கட்டிக்கொள்.

மார்ச் இரண்டு, மாலை நாலரை. குறித்துக்கொண்டேன்.

முத்துசாமி

*

ஜெர்மனி
3.3.2025

என் அன்புள்ள ஜாய்ஸ் அப்பாவுக்கு,

நடந்தது எல்லாம் உங்களுக்கும் தெரியும். ஆனாலும் என் பக்கத்துக் கதையை நான் எழுதியே தீர வேண்டும். சுகத்துக்கு என்ன குறை, காலில் ஒரு பிடிப்பு, கையில் இரண்டு கொப்புளம், மற்றபடி ராணி மாதிரி இருக்கிறேன்.

கொடி வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறு காலை அதை முதுகில் ஊக்குப் போட்டுக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை நீல அம்புக்குறி காட்டிய பக்கம்தான் போனேன்.

காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சத்தம் கிடையாது. மரங்களின் தோளில் எல்லாம் பனி. வெயில் பட்டதும் அது பொடிப்பொடியாக உதிர்கிறது. பலகை கோட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவே வழியைக் காட்டுகிறது. ஒரு காலைத் தள்ளு, சறுக்கு. மறு காலைத் தள்ளு, சறுக்கு. நாலாவது கிலோமீட்டரில் ஏரி வந்தது. முழுக்க உறைந்து, கேளம்பாக்கம் உப்பளம் மாதிரி வெள்ளையாகக் கண் கூசியது. அதற்குப் பின்னால் வரிசையாக மலைகள். நின்று பார்த்தேன். எங்கள் அம்மா, அவள் அம்மா எல்லாரும் அடுத்தவன் வயலில் குனிந்த தலை நிமிராமல் போய்ச் சேர்ந்தவர்கள். நான் ஜெர்மனி மலை முன்னால் நிமிர்ந்து நிற்கிறேன். அழுகை வந்தது, கண்ணீர் உறைந்துவிடும் என்று துடைத்துக்கொண்டேன்.

ஏழாவது கிலோமீட்டரில் மரக்குடில் ஒன்று. உருளைக்கிழங்கு சூப் குடித்தோம். உப்பும் இல்லை, காரமும் இல்லை, ஆனால் தேவாமிர்தமாக இருந்தது.

ஒன்பதாவது கிலோமீட்டரில்தான் வம்பு. செங்குத்தான மேடு. அங்கே கோடு கிடையாது, வாத்து மாதிரி காலை அகட்டி அகட்டி ஏற வேண்டும். ஹெல்கா ஏறிப் போய் உச்சியில் நின்றாள். நான் பாதி ஏறினேன், வழுக்கிக் கீழே வந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி வழுக்கினேன். மூன்றாவது தடவை முகம் குப்புற விழுந்தேன். முழங்கால் விண் விண் என்றது. போதும், பலகையைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம் என்று நினைத்தேன். நடந்து போனால் யாருக்குத் தெரியப்போகிறது? பூட்ஸ் கொக்கியில் கையை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது. பார்த்தால் உங்கள் பெயர்! ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷமாக ஒருநாளும் நீங்களாகக் கூப்பிடாத போன். யாரோ உங்கள் போனிலிருந்து கெட்ட செய்தி சொல்லப்போகிறார்கள் என்று என் உயிரே போய்விட்டது. எடுத்தேன். கடல் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் ஒரு விக்கல் மாதிரி. அப்புறம்,

“மேரீ.”

“யாரு?” என்றேன். தெரிந்துதான் கேட்டேன். இன்னொரு தடவை கேட்க ஆசை.

“நான்... தான். எங்க... கீற?”

உங்கள் பழைய குரல் இல்லை. தகரத்தில் கல்லை இழுத்த மாதிரி கரகரப்பு. ஆனால் என் பெயரின் கடைசியை இழுப்பீர்களே, அந்த இழுப்பு அப்படியே இருந்தது. முப்பது வருஷம் கேட்ட இழுப்பு எனக்குத் தெரியாதா?

“மேட்டாண்ட கீறேன்யா. ஏற முடியல. வழுக்கிகினே கீது. கயட்டிட்டு நடந்துரலாம்னு...” என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

“கயட்டாத” என்றீர்கள். மூச்சு விழுங்குகிற சத்தம். “பச்ச... காட்டிகீறேன் இல்ல? ஏறு.”

பின்னாலிருந்து தனகோடி, “நல்லா சொல்லு அண்ணாத்த, இன்னும் சத்தமா சொல்லு!” என்று கத்துவது கேட்டது. நான் அழுவதைப் பார்த்து ஹெல்கா பதறிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். போனை அவள் காதில் வைத்தேன். நீங்கள் “வணக்கம்” என்றீர்கள். அவளுக்கு எல்லாம் தெரியும், ஜாய்ஸ் சொல்லியிருக்கிறாள். கேட்டதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

போனை அணைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் மாமல்லபுரத்து அலை அடித்துக்கொண்டே வந்தது. ஒரு தடவைகூட வழுக்கவில்லை. உச்சியில் நின்று நான் போட்ட கூச்சலில் மரத்துப் பனி உதிர்ந்தது.

மீதி இரண்டு கிலோமீட்டர் எப்படிப் போச்சென்றே தெரியாது. முடிவில் ஜாய்ஸும் ஜெரோமும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கொடியைப் பிடுங்கிக் கோலில் கட்டி ஆட்டிக்கொண்டே வந்தேன். ஜாய்ஸ், “எங்கயாவது வலிக்குதாம்மா?” என்று ஓடி வந்தாள். போனைக் கொடுத்தேன். நீங்கள் “ஜாய்ஸு” என்றதும் அந்தக் கெட்டிக்கார நர்ஸு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் நான் முடிப்பதற்குள் நீங்கள் எப்படிப் பேசினீர்கள்? வகுப்புக்கு எப்போது போனீர்கள்? நேற்று போனில் கேட்டதற்கு, “எழுதுறேன்” என்று வைத்துவிட்டீர்கள். எழுதுங்கள். இருபதாம் தேதி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சென்னையில் இறங்குவேன்.

இப்படிக்கு, ஜெயித்த
மேரி

*

ஊரப்பாக்கம்
19.3.2025

அன்புள்ள மேரிக்கு,

இதைக் கேட்கும் நேரத்தில் நீ சுகமாக என் எதிரில் நிற்பாய்.

உன் பந்தயக் கடிதம் ஜனவரி 8 கிடைத்தது. மறுநாள் வியாழக்கிழமை. போனேன். சியாமளா மேடம் பழைய நாற்காலியையே காட்டினார். சிரித்த ஆளும் இருந்தார். அவருக்கும் என்னைப் போலத்தான் ஆபரேஷன். அவருக்குப் பேச்சு வரும்போது தோள் குலுங்கும், வாய் கோணும். அதைத்தான் நான் சிரிப்பு என்று நினைத்து எழுந்து வந்திருக்கிறேன். நீ மட்டும்தான் தப்பான பக்கம் போனாய் என்று நினைக்காதே.

வீட்டில் பழகப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று கூச்சம். கடலுக்கு முன்னால் நின்றால் என் சத்தம் எனக்கே கேட்காது. அதனால் மாமல்லபுரம். ‘க’வும் ‘ட’வும் சீக்கிரம் வந்தன. உன் பெயரின் முதல் எழுத்துக்கு மட்டும் ஒரு மாதம் ஆனது. வந்தால் சொல்லலாம், வராவிட்டால் உனக்குத் தெரியாமலே போகட்டும் என்றுதான் எழுதவில்லை. தனகோடியிடம் கடைசியில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவன்தான் எனக்கு இரண்டாவது டீச்சர்.

நாளை வகுப்புக்கு லீவு சொல்லியாயிற்று. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. விமான நிலையத்தில், நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிற இடத்தில், நானே வாசித்துக் காட்டப்போகிறேன். முழுக் கடிதத்தையும். சுற்றி ஜனம் நிற்கும். சிலர் சிரிப்பார்கள். சிரித்தால் என்ன, எலும்பா உடையும்?

நான் காற்று விழுங்க வேண்டிய இடங்களில் எல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். மொத்தம் நூற்றிப் பதினேழு. சிவப்பு என்றால் நிற்கிறேன் என்றுதான் அர்த்தம், முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இடையில் புகுந்து பேசாமல் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

முத்துசாமி